அடுக்களைக் கலமும் உடல்நலமும்

உண்ணும் பொருளின் தூய்மையை ஆராயும் மாந்தர் அதனைச் சமைக்கும் கலத்தை ஆராய்தல் அரிது. நுவரெலியா, அட்டன் முதலிய மலையகக் கடைத்தெருக்களில் இன்று கரிய பூச்சுடைய நொன்ஸ்டிக் சட்டிகள் விற்கப்படுகின்றன. எண்ணெய்ச் செலவு குறைதலும் கழுவுதல் எளிதாதலும் கருதித் தோட்ட மக்களும் அவற்றை வாங்குவர். அவை நஞ்செனக் கூறுவாரும் உளர். தீங்கற்றவை எனக் கூறுவாரும் உளர். இவ்விரு கூற்றினுள் உண்மை எத்துணை என்பது ஆராயத்தக்கது.

டெப்லோன் எனப்படும் அப்பூச்சுப் பொருளை 1938இல் அமெரிக்க இரசாயன அறிஞர் ரோய் பிளங்கெற் தற்செயலாகக் கண்டார். அது பிற பொருள்களோடு எளிதில் வினைபுரியாத இயல்பினது. ஆதலின், சுரண்டுண்ட துகள் வயிற்றினுட் செல்லினும் பெரும்பாலும் செரியாது வெளியேறிவிடும். தீங்கு வேறிடத்தில் உளது.

அத்தீங்கு இருவகைப்படும். ஒன்று, பூச்சின் உற்பத்தியிற் பயன்பட்ட பீ.எப்.ஓ.ஏ. என்னும் அமிலத்தால் வருவது. மேற்கு வெர்ஜீனியாவில் தொழிற்சாலையொன்றின் அயலே குடிநீரில் இது கலந்தது. சிறுநீரகப் புற்றுநோய் உள்ளிட்ட ஆறு நோய்களோடு இதற்குத் தொடர்பிருத்தல் கூடுமென அறிஞர் குழுவொன்று 2012 அளவில் முடிவு செய்தது. 2019இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை இதனை ஒழிக்கத்தக்க பொருள்களின் பட்டியலிற் சேர்த்தது. எனினும், இந்நஞ்சு பரவியது பெரிதும் தொழிற்சாலைக் கழிவாலேயன்றிச் சட்டியால் அன்று.

அடுக்களைக்கு உரிய இடர் மற்றொன்று, அது மிகைவெப்பம். ஏறத்தாழ 260 பாகை செல்சியசுக்கு மேல் பூச்சுச் சிதையத் தொடங்கும். 350 பாகையைக் கடப்பின் நச்சுப்புகை மிகும். அதனைச் சுவாசித்தோர்க்குச் சில மணி நேரத்துள் காய்ச்சலும் நடுக்கமும் இருமலும் தோன்றும். கூட்டிலுள்ள கிளிகள் இறத்தலும் உண்டு.

ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் சுமார் 94 பாகையிற் கொதிக்கும். கறியில் நீருள்ளவரை சட்டி அபாய வெப்பத்தை அடையாது. கோதுமை மா ரொட்டியின் நிலையோ வேறு. நீரின்றி வெறுங்கலத்தைக் காயவைத்தே அதனைச் சுடுவர். விறகடுப்பின் தழலும், குளிருக்காக அடைத்த சன்னலும், லயன் வீட்டின் சிற்றறையும் ஒருங்கு கூடின் இடர் பெருகும்.

ஆதலின், ரொட்டிக்கு ஏற்றது பழைய இரும்புக் கல்லே. அது எவ்வளவு காயினும் நச்சுப்புகை தராது. எண்ணெய் தடவிப் பழக்கினால் மா ஒட்டாது. இரும்புக் கலத்திற் சமைத்த உணவுண்ட குழந்தைகளின் குருதிநிலை, அலுமினியக் கலத்தில் உண்டோரினும் மேம்பட்டதென எத்தியோப்பியாவில் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. இரத்தச்சோகையால் வருந்தும் தாய்மாருள்ள தோட்டங்களில் இது சிறிய நன்மையன்று. ஆனால், உணவோடு தேநீர் பருகின் இரும்புச்சத்து உடலிற் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் கழித்துப் பருகுதல் நன்று.

புளிக்குழம்புக்கு மண்சட்டியும் எவர்சில்வரும் ஏற்றவை. பழைய உலோகத் துண்டுகளை உருக்கி வார்த்த மலிவான அலுமினியக் கலங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடுமாகையால் அவற்றை விலக்குக. நொன்ஸ்டிக் சட்டி உடையோர் அதனை வெறிதே காயவிடாது, மெல்லிய தீயில், மர அகப்பை கொண்டு, சன்னலைத் திறந்து பயன்படுத்துக. பூச்சு உரிந்தபின் கைவிடுக. புதியது என்பதனாலே ஒரு கலம் நன்றாகாது. பழையது என்பதனாலே மற்றொன்று தீதுமாகாது. செய்யும் சமையலுக்கு ஏற்ற கலத்தைத் தெரிதலே அறிவுடைமையாம்.