தும்பியின் கண்ணும் தொலைவறி கருவியும்

சாரற் காலத்தில் குற்றாலத்து ஓடைக்கரையில் நிற்போர் நண்டினையும் தும்பியினையும் ஒருங்கே காணலாம். தொல்காப்பிய மரபியல் இவ்விரண்டனையும் நாலறிவுயிராக ஒருங்கு வைத்தது. ஊறு, சுவை, நாற்றம் என்னும் மூன்றன்மேற் கண்ணறிவு பெற்றமையே இவற்றின் சிறப்பு. இவ்விரண்டன் கண்ணும் ஒரே வகையின, அஃதாவது கூட்டுக்கண் என்பது இன்றைய உயிரியலின் முடிபு. தும்பி என்பது பழம்பாட்டில் வண்டினத்தைக் குறித்தது. இன்று தட்டானையும் குறிக்கும். எப்பொருள் கொள்ளினும் இக்கூற்றுக்கு இழுக்கில்லை.

கூட்டுக்கண்ணாவது நுண்கண் பலவற்றின் தொகுதி. ஒவ்வொரு நுண்கண்ணும் தன் வில்லை வழியே ஒரு சிறு திசையையே நோக்கும். தட்டான் இனங்கள் சிலவற்றில் ஒரு கண்ணில் ஏறத்தாழ 30,000 நுண்கண்கள் உள. அவை குவிந்த பரப்பில் அமைதலின் தலையைத் திருப்பாமலே பெரும்பரப்புப் புலனாகும்; உருவத் தெளிவோ குறைவு.

இனி, தொலைவை அறியுமாறு யாது? தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் புகைவண்டியிற் செல்வார்க்கு அருகிலுள்ள மரம் விரைந்தோடும். மலையோ நின்றாற்போலத் தோன்றும். பறக்கும் பூச்சி இவ்வேக வேறுபாட்டையே அளவுகோலாகக் கொள்கின்றது. இந்தியாவிற் பிறந்து ஆஸ்திரேலியாவில் ஆராய்ந்த எம். வி. சீனிவாசனும் அவர்தம் குழுவினரும் 1991-இல் இதனைத் தேனீக்களிடம் காட்டினர். குறுகிய வழியிற் பறக்கும் தேனீ, இருபுறச் சுவர்களும் ஒரே வேகத்தில் நகரக் காணுமாறு நடுவே செல்லும்.

கருவி செய்வோர் வேறொரு வழியும் கண்டனர். 2001-இல் ஜப்பானியர் வெளியிட்ட கருவியொன்று சிறு வில்லைகள் பலவற்றை ஒரே ஒளியுணர் தகட்டின்மேல் நிரைத்தது. ஒவ்வொரு வில்லையும் சற்றே விலகிய இடத்திலிருந்து காண்பதால், படங்களின் வேறுபாட்டைக் கொண்டு பொருளின் தொலைவைக் கணிக்கலாம். வில்லைகள் நெருங்கியிருத்தலின் சேய்மைப் பொருளில் அவ்வேறுபாடு மறையும்; அண்மைக்கே அம்முறை பயன்படும். அக்கருவியின் பெயர் ‘டோம்போ’. ஜப்பானிய மொழியில் அது தட்டானைக் குறிக்கும் சொல்.

2013-இல் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தார் தலைமையிற் செய்யப்பெற்ற அரைக்கோளக் கருவி 180 நுண்கண்களுடன் 160 பாகை அளவு கண்டது. அவ்வெண்ணிக்கைக்கு அவர்கள் ஒப்புக்காட்டியவற்றுள் ஒன்று எறும்பின் கண். இங்கேதான் நமக்கு இடர். மரபியல் எறும்பைச் சிதலோடு மூவறிவுயிராக வைத்துக் கண்ணறிவை விலக்கிற்று. சிதலுக்கு அது பெரிதும் பொருந்தும். உழைக்கும் சிதல்களிற் பெரும்பாலானவை கண்ணற்றவை. எறும்பிற் பலவற்றுக்குப் பொருந்தாது. நண்டு, தும்பி ஆகியவற்றின் ஒற்றுமையை மட்டும் எடுத்துக்காட்டி, எறும்பை மறைத்தல் ஆராய்ச்சியாகாது. எறும்பு பெரிதும் மணம்பற்றியே நிரையாகச் செல்வது கண்டு முன்னோர் அவ்வாறு வகுத்தனர் போலும்.