லேப்டாப் இருக்கிறது, இரவு வண்டி எங்கே?

கொரோனாவுக்குப் பிறகு பல வேலைகள் லேப்டாப்புக்குள் அடங்கிவிட்டன. நெட் கிடைக்கும் ஊரெல்லாம் அலுவலகம்தான். ஒரு மாதம் கொடைக்கானல், ஒரு மாதம் புதுச்சேரி என்று தங்கி வேலை பார்க்கும் பெண்களும் இருக்கிறார்கள். தனியாகக் கிளம்பும் பெண்ணுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை: இருட்டுவதற்குள் போய்ச் சேர், நல்ல ஹோட்டலாகப் பார், லொகேஷனை வீட்டுக்கு அனுப்பி வை. எதுவும் தப்பான அறிவுரை இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு செலவு உண்டு. அதை யார் ஏற்பது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இரவில் வேலை பார்க்கும் பெண்ணின் பாதுகாப்பில் வேலை கொடுப்பவருக்குப் பொறுப்பு உண்டு என்று நம் நீதிமன்றம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறது. அலுவலகக் கட்டடம் கணக்கிலிருந்து மறைந்தபோது, அந்தப் பொறுப்பு சத்தமில்லாமல் பெண்ணின் தலைக்கு மாறிவிட்டது.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 66-ஆவது பிரிவில், காலை 6 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் பெண்களை வேலைக்கு வைக்கத் தடை விதித்திருந்தது. பெண்களின் நலனுக்கான ஏற்பாடு என்று சொல்லப்பட்டாலும், நடைமுறையில் அது அவர்களின் சம்பாத்தியத்துக்குப் போட்ட பூட்டு. 2000-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. கூடவே, இரவு வேலைக்குப் பெண்களை அமர்த்துகிறவர்கள் போக்குவரத்து, பாதுகாப்பு உள்ளிட்ட ஏற்பாடுகளைச் செய்துதர வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. இரவு ஆபத்தானது என்றால் பெண்ணை வீட்டில் நிறுத்தாதே, வண்டியை அனுப்பு என்பதுதான் அதன் சாரம். ஷிப்ட் முடிந்த பெண்ணை வீட்டு வாசலில் இறக்கிவிடும் ஐடி நிறுவன கேப், இதே எண்ணத்தின் நடைமுறை வடிவம்.

வெளியூரில் தங்கி வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்த கேப் கிடையாது. அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறவர் என்று வைத்துக்கொள்வோம். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மீட்டிங் முடியும்போது கடைவீதி அடங்கியிருக்கும். ஆகவே அவருக்குத் தேவை தலைசாய்க்க ஒரு கட்டில் மட்டுமல்ல. நெட்டும், கரண்ட் போனால் கைகொடுக்க இன்வெர்ட்டரும், உள்ளே சரியாக விழும் தாழ்ப்பாளும் உள்ள அறை. பேருந்து நிலையத்தை ஒட்டிய மலிவான லாட்ஜில், “கூட யாரும்மா வர்றாங்க?” என்பதுதான் முதல் கேள்வி. தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனாலும், வம்பு எதற்கு என்று கையை விரித்துவிடுகிற லாட்ஜுகள் உண்டு. இரவுப் பேருந்து விடிகாலை 4 மணிக்கு இறக்கிவிட்டால், ஆண் ஒரு டீ குடித்துவிட்டு நடையைக் கட்டுவார். பெண் பகல் பேருந்தில் வந்தால் ஒரு நாள் வேலை போகிறது. இரவில் வந்தால் காரும் விலை கூடிய ஹோட்டலும் தேவைப்படுகின்றன. ஒரே சம்பளத்தில் இருவரும் வேலை பார்த்தாலும், மாதக் கடைசியில் மிஞ்சுவது ஒன்றாக இருக்காது.

இவ்வளவு சிரமம் எதற்கு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாமே என்பார்கள். 2024-ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம். ஆண்களில் ஈடுபடுகிறவர்கள் 88 நிமிடம். வீட்டில் லேப்டாப்பைத் திறந்த பெண்ணுக்கு அடுப்பிலிருந்து விடுப்பு கிடைத்துவிடாது. வெளியில் ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் 95 விழுக்காட்டுக்கும் மேல் குற்றம் சாட்டப்படுகிறவர் அறிமுகமானவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. அதை வைத்து, சாலை பத்திரமானது என்று சொல்லிவிட முடியாது; பெண்கள் தனியாக வெளியே போவதே குறைவு, போனாலும் ஆயிரம் முன்னெச்சரிக்கையோடு போகிறார்கள். ஆனால் வீட்டில் இருப்பதே பாதுகாப்பு என்ற வாதம் அந்த எண்ணுக்கு முன் நிற்காது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. ஊர் சுற்றுவது அவள் விருப்பம், அதற்கு நிறுவனம் ஏன் பொறுப்பேற்க வேண்டும்? ஊரைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். இரவு 11 மணியைத் தேர்ந்தெடுத்தது நிறுவனம். எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று சொன்னதால் கட்டட வாடகையும் கேப் செலவும் மிச்சமானதும் நிறுவனத்துக்குத்தான். அவள் உல்லாசப் பயணத்துக்குப் பணம் தரச் சொல்லவில்லை. இரவு வேலை இருக்கும் நாட்களுக்குத் தங்குமிடப் படி தரலாம், அதுவும் முடியாவிட்டால் மீட்டிங்கை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளலாம்.

வசதியுள்ள சில பெண்களின் பிரச்சினை இது என்று ஒதுக்கவும் முடியாது. லாட்ஜ் வரவேற்பறையில் அதே கேள்வி, தேர்வெழுத வரும் மாணவிக்கும் நேர்முகத்துக்கு வரும் நர்சுக்கும் காத்திருக்கிறது. பொறுப்பை அரசு ஏற்கும்போது நிலைமை மாறும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. தனியாக ரயிலேறும் பெண்களிடம் புறப்படும் நிலையத்திலேயே ரயில்வே பாதுகாப்புப் படையின் பெண் காவலர்கள் பேசி, பெட்டியையும் இருக்கையையும் குறித்துக்கொண்டு, வழி நிலையங்களில் கண்காணிக்கச் செய்யும் ‘மேரி சஹேலி’ திட்டம் 2020-இல் நாடு முழுவதும் வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு ‘தோழி’ விடுதிகளை நடத்துகிறது. இவை எவையும் பெண்ணிடம் தைரியமாக இரு என்று சொல்லவில்லை. அவள் தலையிலிருந்த சுமையில் ஒரு பங்கை இறக்கி வாங்கிக்கொண்டன. 25 ஆண்டுகளுக்கு முன் தொழிற்சாலை முதலாளியிடம் நீதிமன்றம் கேட்ட வண்டியை, லேப்டாப் வழியே வேலை வாங்கும் முதலாளியிடமும் கேட்க வேண்டிய நேரம் இது.