கார்த்திகை வெயிலுக்குக் கணக்குப் போடுவது

2022 மார்ச் மாதக் கடைசியில் ஒருநாளைக்குப் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டது நினைவிருக்கும். அந்த நாட்களில்தான் கல்முனையில் எங்கள் வீட்டுக் கூரையிலும் சோலார் ஏறியது. உம்மா இன்சுலின் போடுபவர். பிரிட்ஜ் நின்றால் எனக்கு நித்திரை வராது. பனல் பூட்ட வந்த தம்பி சொன்னார்: "சேர், நம்மட ஊரு பூமத்திய ரேகைக்குக் கிட்ட. வருஷம் முழுக்க ஒரே வெயில்தான். ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

450 வாட் பனல் ஒன்று, 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி ஒன்று, ஓர் இன்வேட்டர். சித்திரையிலும் வைகாசியிலும் குறையே தெரியவில்லை. பிறகொரு கார்த்திகையில் வெள்ளம் வந்து, கம்பி அறுந்து, நான்கு நாள் ஊர் இருண்டது. இரண்டாம் நாள் சுபஹுக்கு முன்பே இன்வேட்டர் கீச்சிட்டு அடங்கிவிட்டது. இன்சுலினைப் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் ஐஸ் தேடி நடந்தேன். தமிழ் படிப்பிக்கிற எனக்கு வாட் கணக்கில் அக்கறை வந்தது அன்றுதான்.

அந்தத் தம்பி சொன்னது பாதி சரி. கல்முனை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 7.4 பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணித்தியால வித்தியாசம்கூட இல்லை. ஏப்ரல் முற்பகுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். டிசம்பரிலும் நண்பகலில் 59 பாகை உயரத்தில்தான் நிற்கும். ஐரோப்பியக் குளிர்காலம் போல வெயில் சாய்ந்து வலுவிழப்பது இங்கே பெரிதாக இல்லை.

தவறிய பாதி மேகம். ரேகைக்கு 1 பாகை பக்கத்தில் இருக்கும் சிங்கப்பூரை எடுப்போம். அங்கே ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4.4 கிலோவாட் மணி வெயில்தான் சராசரி. ரேகையிலிருந்து 24 பாகை தள்ளியுள்ள எகிப்தின் அஸ்வானில் அது 6க்கும் மேல். பாலைவனத்து வானத்தில் மேகம் இல்லை, அவ்வளவுதான். எங்கள் கிழக்குக் கரைக்கு ஆண்டுச் சராசரி 5ஐ ஒட்டி வரும். மார்ச், ஏப்ரலில் 6ஐ எட்டும். டிசம்பரில் 4 அளவுக்கு இறங்கும். அடைமழை பிடித்த நாளில் 2கூட வராது. பழந்தமிழ் நூல்கள் ஆவணி, புரட்டாசியைக் கார்காலம் என்கின்றன. எங்கள் கரையில் உண்மையான கார் கார்த்திகையிலும் மார்கழியிலும்தான்.

இனி வீட்டுக் கணக்கு. 9 வாட் எல்ஈடி பல்ப் நான்கு, ஐந்து மணித்தியாலம் எரிந்தால் 180 வாட் மணி. 60 வாட் மின்விசிறி எட்டு மணித்தியாலத்துக்கு 480. சிறிய பிரிட்ஜ் நாளொன்றுக்கு 800 அளவில் எடுக்கும். போன், ரவுட்டர் 140. எல்லாம் சேர்த்து 1600. ஆனால் பனல் தருவதெல்லாம் பல்புக்கு வந்து சேராது. பனலின் வாட் அளவு 25 பாகை செல்சியஸில் சோதித்துச் சொல்லப்படுவது. நண்பகலில் தகரக் கூரைமேல் பனல் 60 பாகைக்கு மேல் கொதிக்கும். ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 0.4 வீதம் குறைந்துகொண்டே போகும். கடற்காற்றின் உப்பு, தூசு, வயர், பற்றரி, இன்வேட்டர் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே 1600ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 2300 வரும்.

இதைச் சராசரி 5ஆல் வகுத்தால் 460 வாட். தம்பி தந்த 450 வாட் பனல் இந்தக் கணக்கில் வந்ததுதான். சராசரிக்கு அது சரி. ஆனால் கரண்ட் இல்லாமல் நாம் தவிப்பது சராசரி நாளில் இல்லையே! கார்த்திகை மழை வாரத்துக்கு 2.5 என்று எடுத்தால் 920 வாட் வேண்டும். சரியாக இரட்டிப்பு.

பற்றரியில் பிழை இன்னும் பெரிது. 12ஐ 150ஆல் பெருக்கினால் 1800 வாட் மணி. ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக 900தான் கையில். எங்கள் ஒரு இரவுக்கே அது போதாது. 2022இல் இடையிடையே கரண்ட் வந்து பற்றரியை நிரப்பிக் கொடுத்ததால் இந்தக் குறை மறைந்திருந்தது. வெயிலே இல்லாத இரண்டு நாளைத் தாங்க 3200 வேண்டும். அதே ஈயப் பற்றரியில் என்றால் நான்கு. லித்தியம் பற்றரியை 80 வீதம் வரை இறக்கலாம் என்பதால் 4000 வாட் மணி கொள்ளளவு போதும்.

"எங்கட கூரையில 5 கிலோவாட் கிடக்கே, எங்களுக்கென்ன" என்று சிலர் நினைக்கலாம். 2016இல் 'சூரிய பல சங்கிராமய' தொடங்கியபின் ஏறிய பனல்களில் பெரும்பாலானவை மின்சார சபைக் கம்பியோடு இணைந்தவை. கம்பியில் கரண்ட் நின்றால் அவையும் தாமாக நின்றுவிடும். திருத்த வேலைக்குக் கம்பத்தில் ஏறுகிறவர் அடிபடாதிருக்கத்தான் இந்த ஏற்பாடு. அந்த நான்கு நாளும் எங்கள் தெருவில் பெரிய சோலார் வைத்த வீடும் இருட்டில்தான் கிடந்தது. பற்றரியோடு தனித்து இயங்கும் இன்வேட்டர் இருந்தால் மட்டுமே அந்த வெயில் நமக்கு உதவும். அந்த இன்வேட்டரும் பிரிட்ஜ் கிளம்பும் கணத்தைத் தாங்க வேண்டும். ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கை அது அந்த ஒரு நொடியில் இழுக்கும்.

மனைவி ஒரு சோடிக் காப்பை விற்கத் தந்தார். இன்னொரு 450 வாட் பனல், 24 வோல்ட் 200 ஆம்பியர்-மணி லித்தியம் பற்றரி, அதற்கேற்ற புதிய இன்வேட்டர் வாங்கினோம். பனல்களைத் தெற்குப் பார்த்து 10 பாகை சாய்த்தோம். எங்கள் ஊருக்கு 7 பாகையே போதும். கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்தால் மழை உப்பைக் கழுவிக்கொண்டு போகும். மழை வாரத்தில் மின்விசிறி கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியாயிற்று. பிரிட்ஜின் சுவிட்சில் கைவைக்க யாருக்கும் அனுமதி இல்லை.

மிச்சம் ஒரு தென்னை. பக்கத்து வளவில் நிற்கிறது. மூன்று மணிக்குப் பிறகு அதன் ஓலை நிழல் பனலின் ஒரு மூலையில் விழும். மூலையில்தானே என்று விட முடியாது. தொடராக இணைத்த செல்களில் ஒன்று மறைந்தாலும் பனலின் பெரும்பங்கு மின்சாரம் குறைந்துவிடும். ஆனால் வாப்பா காலத்திலிருந்து எங்களுக்கும் இளநீர் தரும் மரம் அது. வெட்டச் சொல்லி அந்தக் காக்காவிடம் கேட்க வாய் வரவில்லை. 2.5 என்று நான் எடுத்ததில் அந்த நிழலும் அடக்கம்.