சொட்டு விடாமல் தூக்கம் வராதா?

தலையணைக்கு அடியில் மூக்குச் சொட்டு மருந்தோடு படுப்பவர்கள் நம்மிடையே நிறைய. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் என்று குப்பியில் பொடி எழுத்தில் இருக்கும். மூக்கின் உட்சவ்விலுள்ள ரத்தக் குழாய்களை இவை சுருக்குவதால் சில நிமிடங்களில் மூச்சு விட முடிகிறது. நாள்கணக்கில் விட்டுக்கொண்டே இருந்தால் கதை தலைகீழ். மருந்தின் பிடி தளர்ந்ததும் சவ்வு முன்னைவிட அதிகமாக வீங்கும். மறுபடி சொட்டு, மறுபடி வீக்கம். சளி போய் மாதங்களாகியும் அடைப்பு விடவில்லையென்றால் முதலில் அந்தக் குப்பியைத்தான் சந்தேகிக்க வேண்டும். மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் போதும். ரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பார்கள்; எத்தனை நாளைக்கு என்று சொல்பவர் அரிது. நீங்களே கேளுங்கள். வாங்கும் பொருளின் தரம், வீரியம் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்திருக்கிறது. பில்லை வாங்கி வையுங்கள். புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. குழந்தைக்குச் சளி மருந்து வாங்கினால் லேபிளைப் படியுங்கள். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குள் கொடுக்கக்கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. கைக்குழந்தைக்குக் கற்பூரம் தடவும் பழக்கமும் ஆபத்துதான், வலிப்பு வரலாம்.

சரி, சொட்டுப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? முதலில் ஒரு துவாரத்துக்கு மட்டும் நிறுத்தலாம். அது திறந்தபின் மற்றதற்கு. டாக்டர் ஸ்டீராய்டு ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தால், அன்றே பலன் இல்லையென்று தூக்கிப் போடாதீர்கள். அதற்குச் சில நாளிலிருந்து இரண்டு வாரம்வரை ஆகும். வலது துவாரத்துக்கு இடது கையால் அடித்தால் மருந்து நடுத்தண்டில் படாது, ரத்தக் கசிவும் குறையும். உப்பு நீரால் கழுவுவதும் நல்லதே: லிட்டருக்கு 9 கிராம் உப்பு. தண்ணீர் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் மூளையைத் தின்னும் அமீபாவுக்கு வழி விட்டதாகும்.

தூசி ஒவ்வாமை, வளைந்த நடுத்தண்டு, சதை வளர்ச்சி என்று அடைப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. ஒரே பக்கம் மட்டும் அடைத்திருந்தாலோ, அடிக்கடி ரத்தம் வந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. சிறு குழந்தைக்கு ஒரு பக்கம் மட்டும் நாற்றத்துடன் சளி ஒழுகினால், உள்ளே பாசிமணியோ பட்டாணியோ இருக்கலாம். வீட்டில் குடைந்து எடுக்கப் பார்க்காதீர்கள்.