பேரேட்டில் ஏறாத பதக்கம்

நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர் ஓய்வுபெற்ற ஹவில்தார். 1971 போரில் கிழக்கு முனையில் இருந்தவர். பென்ஷன் விஷயமாக டிஸ்சார்ஜ் புத்தகத்தை என் கடைக்குக் கொண்டுவந்தார். புரட்டினேன், பதக்கங்களில் பூர்வி ஸ்டார் இல்லை. "போனாப் போகுது நயினாரே, யாருக்குக் காட்டப் போறேன்?" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அந்தப் போரில் வங்கதேச முனைக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனைக்குப் பஷ்சிமி ஸ்டார். இவை வீரச்செயலுக்கானவை அல்ல. அங்கே பணியாற்றினார் என்று காட்டினால் போதும்.

எப்படிக் காட்டுவது? சிப்பாயின் மாற்றல், பதவி உயர்வு எல்லாம் யூனிட்டின் 'பார்ட் டூ ஆர்டரில்' வரும். அதைப் பார்த்து ஷீட் ரோலில் ஏற்றுவார்கள். முன்னது நாளேடு, பின்னது பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டில் விட்டுப்போனால் நாம் நாளேட்டைத்தானே தேடுவோம்! ஆகவே பதக்கம் தாருங்கள் என்று கெஞ்சாமல், படை எண், யூனிட், முனையில் இருந்த தேதிகள் இவற்றை எழுதிப் பதிவைச் சரிபார்க்கக் கேட்க வேண்டும். மனு அவரவர் ரெஜிமெண்ட்டின் ரெக்கார்ட் ஆபீசுக்கு: மதராஸ் ரெஜிமெண்ட்டுக்கு நீலகிரி வெல்லிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூர். இதற்காக ஊருக்கு ஓட வேண்டாம், தபாலே போதும்.

கடைத்தெருவிலும் பதக்கம் விலைக்குக் கிடைக்கிறது, வாஸ்தவம்தான். ஆனால் அரசு தருவதில் படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும்.

மூன்று கடிதங்களுக்குப் பிறகு பார்சல் வந்தது. பெரியவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலில் பொறித்த பெயரைத்தான் பார்த்தார்.