பழைய களக்கணினியும் புதிய மின்கலவடுக்கும்

சுவரை வைத்தே சித்திரம் வரைதல் வேண்டும் என்பது முதுமொழி. களப்பணிக்கென உறுதியாக அமைக்கப்பெற்ற மடிக்கணினிகளின் நிலை இதற்கு மாறானது. அங்கே சுவர் ஆண்டுகள் பல கடந்தும் நிலைத்து நிற்கின்றது. வரைதற்கு வேண்டிய ஆற்றலே முதலில் வற்றிவிடுகின்றது. பேராதனைப் பல்கலைக்கழகத்தை அடுத்துயர்ந்த ஹந்தானை மலையிலோ நக்கிள்ஸ் மலைத்தொடரிலோ பாறைகளையும் தாவரங்களையும் ஆராயச் செல்லும் மாணவருக்கு, நடுவழியிற் கணினி அணைந்துபோதல் சிறு இடையூறன்று. ஒரு நாளின் உழைப்பே பாழாகக்கூடும்.

இத்தகைய கணினிகளுட் பேர்பெற்றது 1996ஆம் ஆண்டு தொடங்கிய பனசொனிக் நிறுவனத்தின் டஃப்புக் வரிசை. 2010இல் வெளிவந்த சி.எஃப். 31 என்னும் வகையை ஈண்டு உதாரணமாகக் கொள்வோம். இதற்கு ஆற்றல் தருவது இலிதிய அயன் மின்கலவடுக்கு. 1991இற் சோனி நிறுவனம் வணிகத்துக்குக் கொணர்ந்த இவ்வகைக் கலத்தை உருவாக்கியமைக்காக குடினஃப், விட்டிங்காம், யோசினோ ஆகிய மூவரும் 2019இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். எனினும் இக்கலமும் மூப்புக்கு விலக்கன்று. பயன்படுத்துந்தோறும் தேய்வதோடு, பயன்படாது கிடக்கும்போதும் உள்ளே நிகழும் பக்கத்தாக்கங்களால் அதன் கொள்ளளவு குறைகின்றது. வெப்பமும் முழு மின்னேற்றமும் அத்தேய்வை விரைவுபடுத்தும். ஆதலின், பல்லாண்டு கடையிற் கிடந்த அடுக்கு உறை பிரிக்கப்படாததாயினும் புதியதாகாது. உற்பத்தித் தேதியை முதலிற் பார்த்தல் வேண்டும்.

அடுத்து நோக்கத்தக்கது கணக்கு. சி.எஃப். 31இன் மூல அடுக்கு 10.65 உவோற்று, 8.55 அம்பியர்-மணி கொண்டது. இரண்டையும் பெருக்க ஏறத்தாழ 91 உவாற்று-மணி வரும். அதனுள் ஒன்பது கலங்கள் உள. மூன்று தொடராக நின்று அழுத்தத்தைத் தருகின்றன. அத்தகைய மூன்று வரிசைகள் சமாந்தரமாக நின்று கொள்ளளவைத் தருகின்றன. பிறர் செய்த அடுக்கில் 11.1 உவோற்று எனப் பொறித்திருப்பின் அஞ்சவேண்டுவதில்லை; அதுவும் மூன்று கலத் தொடரே. 14.4 உவோற்று என்பது நான்கு கலத் தொடர், அதனை ஏற்றலாகாது. 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் உள்ள இக்கலங்களிற் பரவலாகக் கிடைக்கும் சிறந்தவையும் ஏறத்தாழ 3.5 அம்பியர்-மணியே கொள்வன. எனவே ஒன்பது கலங்கொண்ட அடுக்கின் எல்லை 10.5 அளவிலேயே நிற்கும். அதே உடலில் 13 அல்லது 14 என்று விளம்பரம் செய்வது ஐயத்துக்குரியது. பெரிய எண்ணினும் நம்பத்தக்க எண்ணே மேல்.

அழுத்தமும் கொள்ளளவும் பொருந்தினாலும் காப்புச் சுற்று செம்மையாக அமையாவிடின் மிகை மின்னேற்றமும் குறுஞ்சுற்றும் தீ விபத்தாய் முடியலாம். பெயர்பெற்ற நிறுவனங்களும் இதில் தவறியதுண்டு: சோனி கலங்கள் கொண்ட ஏறத்தாழ 41 இலட்சம் அடுக்குகளை டெல் நிறுவனம் 2006இல் மீளப்பெற்றது. ஆகவே விற்பவர் யார், உத்தரவாதம் உண்டா என்பவற்றை விலைக்கு முன்னர் வினவுக.

வெளிநாட்டிலுள்ள உறவினர் மூலம் தருவிப்போர் ஒன்றை அறிதல் நன்று. 100 உவாற்று-மணிக்கு மேற்படாத உதிரி அடுக்கைப் பயணி கைப்பையிற் கொண்டுவரலாம். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் வைத்தலாகாது. வந்தபின், கணினி காட்டும் முழுக் கொள்ளளவை வடிவமைப்புக் கொள்ளளவோடு ஒப்பிடுக. பெரிதும் குறைந்திருப்பின் உடனே திருப்புக. பாதி மின்னேற்றத்துடன் குளிர்ந்த இடத்தில் வைத்தலும், மூடிய வாகனத்தில் விடாமையும் அதன் ஆயுளை நீட்டும். உப்பிய அடுக்கை மட்டும் ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

மலையேறுமுன் செய்யும் இச்சிறு ஆராய்ச்சியே மலைமேற் செய்யும் பேராராய்ச்சியைக் காக்கும்.