ஒரே தீவில் ஒரு வாரம்

அந்தமானுக்குக் குடும்பத்தோடு போகிறவர்களின் பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். முதல் நாள் செல்லுலார் சிறை, மறுநாள் ஹேவ்லாக், அதற்கடுத்த நாள் காலை நீல் தீவு, மாலையே திரும்பும் கப்பல். பிள்ளைகள் மணலில் வீடு கட்ட உட்காரும்போதுதான் "கிளம்பு, நேரமாச்சு" என்று கையைப் பிடித்து இழுக்க வேண்டிவரும். இவ்வளவு தூரம் கடல் தாண்டிப் போய், அங்கேயும் ஓடுவானேன்? பேசாமல் நீல் தீவிலேயே ஒரு வாரம் தங்கிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

2018 இறுதியில் இத்தீவுக்கு ஷஹீத் த்வீப் என்று பெயர் மாறியது. பழைய பெயர், 1857 எழுச்சியை ஈவிரக்கமின்றி அடக்கிய ஜேம்ஸ் நீலுடையது. அதே நீலின் சிலையைச் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றக் கோரி 1927இல் சத்தியாகிரகம் நடத்திச் சிறை சென்றவர்கள் நம்மவர்கள். 1937இல் ராஜாஜி ஆட்சியில் சிலை போனது. தீவின் பெயர் போக மேலும் எண்பது ஆண்டுகள் ஆயின.

கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்த குடும்பங்கள் காடு திருத்திக் குடியேறிய தீவு இது. ராமநகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று ராமாயணமே ஊர்ப்பெயர்களாகிவிட்டது. தலைநகரச் சந்தைக்குக் காய்கறி அனுப்பும் தீவு என்பதால், கடற்கரைக்குப் போகும் வழியெல்லாம் காய்கறித் தோட்டங்களும் வாழையும் தென்னையும் பாக்கும்தான். மூங்கில் குடில்கள் வாடகைக்குக் கிடைக்கும். சைக்கிளும் கிடைக்கும், அதிலேயே தீவு முழுவதும் சுற்றிவிடலாம். மதியம் சோறும் கடுகெண்ணெய் மணக்கும் மீன் குழம்பும். மரத்தில் ஒரு தூளி கட்டிக்கொண்டால் பிற்பகல் தானாகப் போய்விடும்.

இந்தத் தீவில் நேரத்தைக் கடலும் சூரியனும்தான் தீர்மானிக்கின்றன. இந்திய நேரம் கணக்கிடப்படும் தீர்க்கரேகைக்குப் பத்து டிகிரி கிழக்கே இருப்பதால், டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அதனால் அதிகாலையில் எழுந்து சீதாபூரில் உதயம் பாருங்கள். பிள்ளைகளைக் குளிக்கவிடப் பரத்பூரின் ஆழமில்லாத கடல் நல்லது. மாலைக்கு லட்சுமண்பூர்.

லட்சுமண்பூரின் இன்னொரு கரையில், அலை அரித்து உருவான பாறைப் பாலம் ஒன்று இருக்கிறது. அதை அரை மணியில் படமெடுத்துத் திரும்புகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஓதம் வற்றும் நேரத்தை முதல் நாளே விசாரித்து, அடி கெட்டியான செருப்போடு, உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அழைத்துக்கொண்டு போக வேண்டிய இடம் அது. நீர் விலகியதும் பவளப்பாறைத் தரை முழுக்கச் சின்னச் சின்னக் குட்டைகள். ஒரு குட்டையின் அருகே குனிந்து அசையாமல் உட்கார்ந்தால், முதலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியதும் கறுப்பாகக் கிடந்த குச்சி கடல் அட்டையாகும். பாறையிடுக்கில் சிப்பியொன்று நீலமும் பச்சையுமான உதட்டை மெல்ல மூடும். விரல் நீள மீன்கள் நிழலிலிருந்து வெளியே வரும். எந்தக் குழந்தைக்கும் இது ஒரு நாளில் தீராது. மறுநாள் ஓதம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளி வற்றும் என்று சொல்லிக்கொடுங்கள்; நிலவுக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு தானாகப் புரியும்.

இருட்டியபின் மணலில் டார்ச் அடித்தால் சங்குகள் நடக்கும். உள்ளே இருப்பவை துறவி நண்டுகள். வளர வளரப் பெரிய கூடு தேடி மாறும் அந்த உயிர்களுக்கு வெற்றுச் சங்குதான் வீடு. ஆகவே ஒரு சங்கைக்கூடப் பையில் போடாதீர்கள். பவளத் துண்டு எடுப்பது சட்டப்படியும் குற்றம்.

கூடாரம் அடித்துத் தங்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தமான் நிக்கோபாரில் தீவு, திட்டு, பாறை எல்லாம் சேர்த்து 836 இருந்தாலும், நினைத்த கரையில் டென்ட் போட இது இடமல்ல. நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் காடு. பழங்குடியினருக்கான பகுதிகள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பட்டவை. கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு. ஜாலி பாய் போன்ற தேசியப் பூங்காத் தீவுகளுக்குப் பகலில் போய்த் திரும்பலாமே தவிர, இரவு தங்க முடியாது. அந்தக் கண்டிப்பு இருப்பதால்தான் பவளம் இன்னும் மிஞ்சியிருக்கிறது. குடில்காரரின் தோட்டத்திலேயே அனுமதி கேட்டுக் கூடாரம் போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு அதுவே போதும்.

பள்ளித் தேர்வு முடிந்த கையோடு ஏப்ரலிலேயே கிளம்பிவிடுங்கள். புழுக்கம் இருக்கும், ஆனால் கடல் அமைதியாக இருக்கும். மே மூன்றாம் வாரவாக்கில் தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவது இந்தத் தீவுகளைத்தான்.